கீழே நான்கு தட்டு

ஜனவரி 5, ஞாயிறு

இன்று மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் கம்ப்யூட்டரில் அப்டேட் போட்டுவிட்டார்கள். இதுதான் நடந்த தவறு. செய்தவர்கள் இருவர். ஒருவர் செவிவழி நூலகச் சங்கத்தின் செயலாளர் ஜெபமணி. மற்றவர் அவர் கூட்டிவந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜமீலா, மேலப்பாளையத்தில் கடை வைத்திருப்பவள். பிற்பாடு யாரும் அப்படி நடக்கவே இல்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காகத் தேதி போட்டு எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் சங்கத்துடையது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினோரு வருடமாக என் வீட்டு முன்னறையில், என் கைக்கடியில் இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்காகச் சிலர் புத்தகங்களைச் சத்தமாக வாசித்துப் பதிந்து அனுப்புகிறார்கள். இருமல், தும்மல், நாய்க் குரைப்பு எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, கேட்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது என் வேலை. எனக்கும் பிறவியிலிருந்தே கண் தெரியாது. மில்லில் முப்பத்தோரு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். கம்ப்யூட்டரை எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலைப் போட்டுக்கொண்டு, விசை விசையாக நானே கற்றேன்.

எந்த வேலைக்கு எந்த விசை, எத்தனை தட்டு என்பது என் விரல்களுக்கு மனப்பாடம். குரல் சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருப்பதில்லை. அது வாயைத் திறந்ததும் கன்ட்ரோல் விசையைத் தட்டி நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். கண் இருக்கிறவர்கள் இந்த வேகத்தில் வேலை செய்து நான் கேட்டதில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண், சில இடங்களில் வரிசை மாறியிருக்கும், கொஞ்ச நாளைக்குக் குரல் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அழுத்துங்கள் என்றாள். காதை வைத்தே எழுபது வருடம் பிழைத்தவனுக்குக் கேட்கச் சொல்லித் தருகிறாள்.

நேற்று வரை டிஸ்க்கில் 11 ஜிபி மீதம் இருந்தது. இப்போது 2. பழைய அமைப்பின் பிரதி பத்து நாள் உள்ளேயே இருக்குமாம், பிறகு தானே போய்விடுமாம். என் வீட்டில் எதை எத்தனை நாள் வைப்பது என்று இவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஜனவரி 6, திங்கள்

மீதம் 1.8 ஜிபி.

குரலே மாறிவிட்டது. முன்பு இருந்தது ஆண் குரல், கொஞ்சம் கரகரப்பு. இப்போது பேசுவது பல் தேய்த்து முகம் கழுவி வந்தவனைப் போன்ற ஒரு குரல். ஒவ்வொன்றையும் நீட்டி நீட்டிச் சொல்கிறது. அதனால் அதை இன்னும் சீக்கிரமாக நிறுத்த வேண்டியிருக்கிறது.

பேச்சிக்கனியின் பாடங்களில் உட்கார்ந்தேன். முக்கூடலிலிருந்து வருகிற பெண், இருபத்தொன்பது வயது, பார்வை கிடையாது. ஊதுவத்திக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். பிப்ரவரி 9 அன்று அவளுக்கு அரசு வேலைத் தேர்வு. புதிய பாடத்திட்டத்துக்குப் பிரெய்லில் புத்தகம் கிடைக்கவில்லை. கோமதி டீச்சர் நான்கு மாதம் உட்கார்ந்து அறுபத்துநான்கு பாடங்களை வாசித்து அனுப்பினார்கள். இருபது பாடங்களைச் சுத்தம் செய்து பேச்சிக்கனிக்குக் கொடுத்துவிட்டேன். நாற்பத்துநான்கு பாக்கி, ஐம்பத்துமூன்று மணி நேரம். அவை வந்து விழுந்த 'பதிவிறக்கங்கள்' பெட்டியிலேயே இருக்கின்றன. அங்கே போக எனக்கு மூன்றே தட்டு.

டிசம்பரிலேயே எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்டாள். வெட்டாத பாடத்தை என் கையால் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அதுதான் சரி.

ஜனவரி 7, செவ்வாய்

1.6 ஜிபி வைத்துக்கொண்டு எதையும் வெட்டி ஒட்ட முடியவில்லை. ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் இடம் இல்லை என்று முறையிடுகிறது. வழக்கம்போல நானே சுத்தம் செய்தேன். அதற்கான பட்டியலைத் திறந்து கீழே நான்கு தட்டு, ஸ்பேஸ், டேப், என்டர், இன்னொரு என்டர். நான்காவது வரி தற்காலிகக் கோப்புகள். மாதம் ஒருமுறை செய்வதுதான், அரை ஜிபி தேறும்.

இன்று 17 ஜிபி தேறியது. அந்தப் பெண் எவ்வளவு குப்பையை என் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மீதம் 18.6.

ஜனவரி 8, புதன்

சங்கத்தின் மாத ஒலி இதழ், மூன்று மணி நேரம், ஒரே மூச்சில் முடித்தேன். இடம் இருந்தால் வேலை எவ்வளவு சுகமாகப் போகிறது. சாயங்காலம் அப்டேட் தானாகவே இன்னும் எதையோ இறக்கிக்கொண்டது. மீதம் 15.

ஜனவரி 10, வெள்ளி

பாடங்கள் இல்லை.

பேச்சிக்கனி பத்து மணி பஸ்ஸில் வந்தாள். பாடம் இருபத்தொன்றையும் இருபத்திரண்டையும் வெட்டிச் சுத்தம் செய்து அவள் போனில் ஏற்றுவதற்காக மூன்று தட்டில் பெட்டிக்குப் போனேன். உருப்படிகள் எதுவும் இல்லை என்றது குரல். வெளியே வந்து மறுபடி போனேன். முழுக்கத் தேடச் சொன்னேன். குப்பைத் தொட்டியிலும் பார்த்தேன். நாற்பத்துநான்கும் இல்லை.

அவள் எனக்கு எதிரே நாற்காலியில் இருந்தாள். நான் விசைகளைத் தட்டும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது போல. என்ன சார் ஆச்சு என்று கேட்டாள். அப்டேட் விழுங்கிவிட்டது என்றேன். அஞ்சாம் தேதி சங்கத்துக்காரர்கள் வந்து செய்த வேலை என்று முழுவதையும் சொன்னேன்.

அவள் கைத்தடியை மடக்கி மடக்கி விரித்தாள். பிறகு, "நீங்க டிசம்பர்லயே குடுத்திருந்தா என் போன்ல இருந்திருக்கும் சார்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

வெட்டாத பாடத்தை யார் கொடுப்பார்கள்?

ஜனவரி 11, சனி

ஜெபமணியும் ஜமீலாவும் வந்தார்கள். ஜெபமணி வழக்கம்போல அண்ணாச்சி அண்ணாச்சி என்று குழைந்தார். இருபத்தைந்து வருடம் பாங்கில் கவுன்டரில் இருந்த மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். யாருக்கும் எதையும் நேராகச் சொல்லவும் மாட்டார்.

அந்தப் பெண் நேராகப் பேசினாள். அப்டேட் போட்டு முடித்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததாகவும், பாடங்கள் இருந்ததாகவும் சொன்னாள். பார்த்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கண் இருக்கிறவர்களுக்கு அது ஒரு வசதி.

"அஞ்சாந் தேதிக்கு அப்புறம் நீங்க எதையாவது அழிச்சீங்களா சார்? சுத்தம் பண்ணுற எதையாவது ஓட்டினீங்களா?"

இல்லை என்று சொன்னேன். மாதாமாதம் செய்கிற சுத்தத்தை யாரும் ஒரு செயலாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வாசல் பெருக்குவதைப் போன்றது.

அப்படியானால் அப்டேட்டின்போதுதான் போயிருக்க வேண்டும், பழைய அமைப்பின் பிரதிக்குள் தேடிப் பார்க்கிறேன் என்றாள். பத்து நாள் கெடு முடிவதற்குள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டாள். பிறகு டிஸ்க்கையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகக் கேட்டாள். நான் முடியாது என்றேன். ஒருமுறை தொட்டதற்கே இந்தக் கதி.

"அப்போ இதை அணைச்சே வைங்க சார். அழிச்சது உடனே போகாது. இடத்தை விட்டுட்டு அங்கனயே கிடக்கும். அது மேல வேற ஒண்ணு வந்து விழுந்தாத்தான் போகும். நீங்க புதுசா எதைச் சேமிச்சாலும் ஒரு பாடம் போகலாம்."

அணைக்கவில்லை. என் கம்ப்யூட்டரை எப்போது அணைப்பது என்று இனி இவள் சொல்வாளா? இதை அதில்தான் எழுதுகிறேன். என் நாட்குறிப்பு கைப்பிடி அளவு. அதனால் எதுவும் போய்விடாது.

ஜனவரி 12, ஞாயிறு

கோமதி டீச்சருக்குப் போன் செய்தேன். எடுத்ததும் பேசியது அவர்கள் வீட்டுக்காரர். டீச்சருக்குத் தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறதாம், இரண்டு மாதம் சத்தமாகப் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதற்குள் டீச்சரே போனை வாங்கி, காற்றாக ஒரு குரலில் பேசினார்கள். "போன் நிறைஞ்சிட்டுன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன் சார். உங்ககிட்ட இருக்குல்லா, அதான் தைரியமா அழிச்சேன்."

பாடங்களுக்கு ஒன்றுமில்லை, சும்மா நலம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மீதம் 13.9. ஏன் குறைகிறது என்று தெரியவில்லை.

ஜனவரி 13, திங்கள்

நிர்வாகக் குழுவுக்குப் புகார் எழுதி அனுப்பினேன். 21-ம் தேதி கூடுகிறார்கள். கேட்டிருப்பவை இரண்டு. சங்க வேலைகளிலிருந்து ஜமீலாவை நீக்க வேண்டும். விசாரணை முடியும்வரை இந்தக் கம்ப்யூட்டரில் அவள் கை படக் கூடாது.

கடிதம் கண்டதும் ஜெபமணி போனில் வந்தார். "என்ன அண்ணாச்சி, இப்படி எழுதிட்டிய? அந்தப் புள்ள நாலு வருசமா நமக்குன்னு ஓடி வாரா. குழுவுல உங்க பேச்சை யாரும் தட்ட மாட்டாங்க, அவளை எடுத்துருவாங்க." எடுக்கட்டும் என்றேன்.

குழுவில் கொடுக்கும் பிரதியில் சாட்சியாக ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி என் மனைவி சொர்ணத்திடம் தாளை நீட்டினேன். நாற்பத்திரண்டு வருடம் என் பென்ஷன் தாள் முதல் காஸ் புத்தகம் வரை நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவள். தாளை வாங்கிப் படித்தாள். மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காரணம் நான் கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அடுப்படியிலிருந்து சொர்ணம் இலையோடு வந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். இலையை வைத்துவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது."

"கேளு."

"போன செவ்வாக்கிழமை நான் இங்கனதான் பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க இதுல டக்கு டக்குன்னு தட்டுனிய. அது 'பதிவிறக்கங்கள்'னு சொல்லிச்சு, என் காதுல நல்லா விழுந்துச்சு. அப்புறம் 'நிரந்தரமாக'ன்னு ஏதோ சொல்ல வந்துச்சு. நீங்க அது வாயைப் பொத்திட்டிய."

உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாது. நீங்க அது பேச்சைக் கேக்கலங்கது மட்டும் தெரியும். என் பேச்சையும் அப்படித்தான, பாதியில வெட்டுவிய. நான் பழகிட்டேன். அந்தப் புள்ளைக்கு ஏன் வேலை போவணும்?"

பொங்கல் ஆறிவிட்டது. சாப்பிடவில்லை.

ஜனவரி 15, புதன்

சுத்தம் செய்யும் பட்டியலைத் திறந்தேன். எதையும் அழுத்தவில்லை. ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி, குரலைக் கடைசிவரை பேசவிட்டேன்.

நடுவில் ஒரு புது வரி வந்து உட்கார்ந்திருக்கிறது. நான்காவது வரி இப்போது 'பதிவிறக்கங்கள்'. அதைத் தேர்ந்தெடுத்தால் அதில் உள்ள எல்லாம் நிரந்தரமாக நீக்கப்படும் என்று ஒரு எச்சரிக்கையும் சொல்கிறது. நீளமான எச்சரிக்கை. சொல்லி முடிக்க ஏழு விநாடி ஆகிறது. தற்காலிகக் கோப்புகள் ஐந்தாவது வரிக்குப் போய்விட்டன.

வரிசையை மாற்றியது நான் அல்ல. இதை அழுத்தமாக எழுதிவைக்கிறேன். பதினோரு வருடம் ஒரு படிக்கட்டில் ஏறி இறங்கியவனுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு படி வைத்தால், விழுந்தவனைக் குற்றம் சொல்ல முடியாது.

மதியம் பேச்சிக்கனி போன் செய்தாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரம், பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம். விசாரணை நடக்கிறது, யார் அழித்தது என்று 21-ம் தேதி குழு முடிவு செய்துவிடும் என்று சொன்னேன்.

"யாரு அழிச்சான்னு நான் கேக்கல சார். எந்தப் பாடம் என்னைக்கு வரும்னுதான் கேக்கேன். இருபது பாடத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு."

மீதம் 12.2.

ஜனவரி 16, வியாழன்

இதைப் பிரெய்ல் பலகையில் குத்தி எழுதுகிறேன். காலையில் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

கம்ப்யூட்டர் பெட்டியைச் சேலையில் சுற்றி, ஆட்டோவில் சொர்ணத்தின் மடியில் வைத்துக்கொண்டு மேலப்பாளையம் போனோம். ஜமீலாவின் கடை மாடியில் இருக்கிறது, பதினெட்டுப் படி. கடையில் அவளும் அவள் கணவரும். வாங்க என்றாள். உட்காரச் சொல்லவில்லை. என் புகாரின் நகலை ஜெபமணி அனுப்பியிருப்பார்.

ஏழாம் தேதி பகல் பதினொன்றேகால் மணிக்கு, சுத்தம் செய்யும் பட்டியலில், கீழே நான்கு தட்டு, ஸ்பேஸ், டேப், என்டர், மறுபடி என்டர் என்று சொன்னேன். நானே செய்தது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று மணி நேர ஒலி இதழைச் சேமித்தது, எட்டாம் தேதி அப்டேட் தானாக இறக்கியது, நேற்று முன்தினம் வரை எழுதிய நாட்குறிப்பு, எதையும் விடவில்லை.

அவள் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆறு நாளா நான் இல்லாத இடத்துல தேடிக்கிட்டு இருக்கேன் சார். பதினோராந் தேதி இதைச் சொல்லியிருந்தா, அன்னைக்கே கழட்டிட்டு வந்திருப்பேன்."

"தெரியும்."

"என் பொழைப்பு போவுறதை விடுங்க. அந்தப் பொண்ணு பாடம்."

அதற்கும் தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது? ஆனால் ஒன்றை மட்டும் கேட்காமல் வர முடியவில்லை. அஞ்சாம் தேதி என்னைக் கேட்காமல் ஏன் தொட்டாய் என்று கேட்டேன்.

"நீங்க சம்மதம் சொல்லிட்டதா செயலாளர் சார் சொன்னாங்க. நான் உங்க வாயால கேட்டிருக்கணும், அது என் தப்புதான்" என்றாள்.

அங்கேயே அவள் போனில் ஜெபமணியைக் கூப்பிட்டேன். "உங்ககிட்ட கேட்டா நீங்க மாட்டேன்னு சொல்லுவியளே அண்ணாச்சி" என்றார். ஆமாம், சொல்லியிருப்பேன். அதற்குத்தான் கேட்பது என்று பெயர்.

டிஸ்க்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். படி இறங்கும்போது சொர்ணம் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசியிருந்தால் கேட்டிருப்பேன்.

ஜனவரி 18, சனி

தகவல் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

காலையில் ஜமீலா வந்தாள். நாற்பத்துநான்கில் முப்பத்தொன்று முழுதாகக் கிடைத்திருக்கின்றன. பதின்மூன்று போய்விட்டன. போனவற்றின் மேல் எதெது விழுந்திருக்கிறது என்று கேட்டேன். தயங்கினாள். சொல்லச் சொன்னேன். பெரும்பகுதி அப்டேட் இறக்கியது. நான்கு பாடங்களின் மேல் ஒலி இதழ். பாடம் ஐம்பத்தேழின் தலைப்பகுதியில் மட்டும் ஏதோ எழுத்துக் கோப்பு, சின்னது, தேதி போட்டுப் போட்டு எழுதியிருக்கிறது என்றாள். அதற்கு மேல் அவள் படிக்கவில்லையாம். நான் நம்புகிறேன்.

கிடைத்த முப்பத்தொன்றையும் வெட்டாமல், அப்படியே, பேச்சிக்கனிக்கு அனுப்பச் சொன்னேன். பத்தே முக்காலுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன.

இனி இருப்பது இருபது நாள், பதின்மூன்று பாடம். ஆகவேண்டியவை இவை. நாளை குழுவில் இதை நானே தடவிப் படிக்கப் போகிறேன்.

பாடம் இருபத்தொன்பது முதல் முப்பத்துநான்கு வரை, ஆறு பாடங்களை வாசிப்பது ஜெபமணி. கவுன்டரில் இருபத்தைந்து வருடம் டோக்கன் நம்பர் கூப்பிட்ட குரல், தெளிவாக இருக்கும். முடியாது என்று சொன்னால் அதைக் குழுவின் முன்னால் சொல்ல வேண்டும்.

நாற்பது முதல் நாற்பத்துமூன்று வரை, நான்கும் சொர்ணம். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தடுமாறினால் தடுமாறட்டும். அவள் வாசிக்கும்போது நான் முன்னறையில் இருக்கக் கூடாது.

ஐம்பத்தைந்தும் ஐம்பத்தாறும் ஜமீலாவின் கணவர். அவராகவே கேட்டார்.

ஐம்பத்தேழை வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியது நான். புதன்கிழமைக்குள்.

கோமதி டீச்சர் வாயே திறக்கக் கூடாது. புத்தகத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் போதும். அவர்களிடம் நடந்ததை நேரில் போய்ச் சொல்வது நான்.

ஒவ்வொரு பாடத்தையும் பதிந்த அன்றைக்கே பேச்சிக்கனியின் போனுக்கு அனுப்புவதும், வேறொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி வைப்பதும் ஜமீலா. அவளைச் சங்க வேலையிலிருந்து யாரும் நீக்கக் கூடாது.

கண் தெரியாதவர் பயன்படுத்தும் எந்தக் கம்ப்யூட்டரிலும், அவர் வாயால் சரி என்று சொல்லாமல், அப்டேட் போடக் கூடாது. போட்ட பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டும் எங்கே விழுகிறது என்று அவரோடு சேர்ந்து சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும். இதைத் தீர்மானமாக எழுத வேண்டியது செயலாளர். அஞ்சாம் தேதி செய்தது தவறு என்பதில் எனக்கு மாற்றமில்லை. என்னைக் கேட்காமல் செய்ததைப் பற்றிய புகார் மட்டும் நிற்கும்.

ஜமீலாவின் மேல் எழுதிய புகாரை எழுந்து நின்று திரும்பப் பெறுவதும், ஏழாம் தேதி அந்த விசைகளைத் தட்டியது யார் என்று பெயர் சொல்வதும் வைகுண்டம். ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர், வயது எழுபது.

பேச்சிக்கனிக்குப் படிப்பு மட்டும். அதைத் தவிர அவளிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. நான் உட்பட.